மூன்றாம் சிலிண்டர்

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, வால்தம்ஸ்டோ சதுப்பு நிலத்தை ஒட்டி லீ ஆற்றில் வடக்கே போய்க்கொண்டிருந்த படகின் எஞ்சின் நின்றுபோனது. முதலில் ஒரு முனகல், பிறகு யாரோ உள்ளேயிருந்து இறுகப் பிடித்துக்கொண்டதைப் போல ஒரு உலுக்கல், அவ்வளவுதான். பின்தளத்துப் பலகையைத் தூக்கியபோது வெள்ளை ஆவியும் கருகிய எண்ணெயின் நாற்றமும் முகத்தில் அடித்தன. சுக்கானைப் பிடித்திருந்த பரஞ்சோதி நீளத் தடியை ஆற்றின் அடிச்சேற்றில் ஊன்றிப் படகைக் கரைக்குத் தள்ளினான். அவன் மனைவி குமுதினி கயிற்றோடு கரைக்குத் தாவி, புல்லுக்குள் கிடந்த இரும்பு வளையமொன்றைத் தேடிப்பிடித்துக் கட்டினாள்.

“பழுதான எஞ்சினை எங்கடை தலையிலை கட்டிப்போட்டுப் போட்டான், வித்தவன்,” என்றான் பரஞ்சோதி. அடுத்த சில நாட்களில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் அதையே சொன்னான்.

அந்தப் படகுதான் அவர்களுடைய வீடு. ஐம்பத்தைந்து அடி நீளம், இரண்டு பேர் ஒதுங்கி நடக்க முடியாத அகலம். அதற்கு முன் ஏழு வருடம் இல்ஃபோர்டில் பரஞ்சோதியின் தமையன் ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டு மேல் அறையில் இருந்தார்கள். அங்கே ஒருவரும் முகம் கோணியதில்லை. ஆனாலும் அண்ணன் குடும்பம் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்த பிறகுதான் குமுதினி குசினிக்குள் இறங்குவாள். மாடிப்படியின் நாலாவது படி சத்தம் போடும் என்று அதைத் தாண்டிக் கால் வைப்பாள். படகை வாங்கிக் குடிவந்த முதல் நாள், காலை பத்து மணிக்கு, ஒருவரையும் கேட்காமல் மீன் பொரித்தாள். அதைப் பற்றி அவள் பரஞ்சோதியிடம்கூடச் சொன்னதில்லை.

நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகுகள் பதினாலு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. அந்த விதியை மதித்து இரண்டு வருடமாக ஆற்றில் மேலும் கீழும் போய்வந்தார்கள். எஞ்சின் நின்ற மறுகிழமை கரையோரத்து வேலியில் புது அறிவித்தல் ஒன்று கட்டியிருந்தது. கரைச்சுவர் திருத்துவதற்காக டிசம்பர் பதினெட்டாம் திகதி அந்தத் துண்டின் தண்ணீரை வடியவிடப் போகிறார்கள். எல்லாப் படகும் அதற்கு முன் மேலேயுள்ள லொக்கை, தண்ணீர் நிரப்பிப் படகை மேல்மட்டத்துக்கு ஏற்றுகிற கதவுத் தொட்டியை, தாண்டிப் போய்விட வேண்டும். பழுதாகி நிற்கிற படகுகளுக்கும் அதுவரைதான் தவணை. நிற்கிற படகு அகற்றப்படும், லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது.

படகு எஞ்சின் திருத்துகிறவர்கள் மூன்று பேருக்குப் பரஞ்சோதி போன் பண்ணினான். இரண்டு பேர் மார்ச் மாதம் என்றார்கள். மூன்றாமவன் வந்து குனிந்து பார்த்து, இரும்புக் கம்பியைக் கொடுத்து எஞ்சினைச் சுற்றப் பார்த்தான். அது அசையவில்லை. புது எஞ்சின்தான் போட வேண்டும், அதுவும் மார்ச்சில்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். புது எஞ்சின் என்பது அவர்கள் எண்ணிப் பார்க்கிற விஷயமே இல்லை.

அன்று மழை. குமுதினி பிட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். பரஞ்சோதி பார்சல் வேலை முடிந்து நனைந்த ஜாக்கெட்டோடு உள்ளே வந்து, அதைக் கழற்றாமலே இருந்தான்.

“ஹாலோப் பக்கம் படகு வாங்கிற ஒருத்தன் இருக்கிறான். எஞ்சின் இல்லாட்டிலும் வாங்குவானாம். வெறும் கோது போதுமாம். முப்பதாம் திகதி பாக்க வாறன் எண்டவன்.”

“பிறகு நாங்கள்?”

“அண்ணையோடை கதைச்சனான். மேல் அறை சும்மாதான் கிடக்காம். பெயின்ற் அடிச்சு விடுறன் எண்டார்.”

“என்னட்டைக் கேக்காமல் அண்ணையிட்டைக் கேட்டனீங்களோ?”

“வேறை வழி இருந்தால் சொல்லும். பக்கத்துப் படகு மனிசி இழுத்து விடுறன் எண்டுதான் சொல்லுறா. லொக்குக்கு அங்காலை இழுத்து விட்டாலும், பதினாலு நாளிலை திரும்ப இழுக்கோணும். ஆர் இழுக்கிறது?”

குமுதினி பிட்டை நீத்துப்பெட்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். “கழட்டிப் பாப்பம்,” என்றாள்.

“ஆர் கழட்டிறது? நான் பார்சல் குடுக்கிறவன். நீர் ஆஸ்பத்திரியிலை கத்தி கழுவிறனீர்.”

“கத்தி மட்டுமே? முழங்கால் மாத்திற ஒப்பரேஷன் ஒண்டுக்கு எட்டுத் தட்டு வருகுது. ஒரு தட்டிலை முப்பது நாப்பது சாமான். டிரில்லைக் கழட்டி, உள்ளுக்கை கழுவி, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டி அனுப்பிறன். பதினொரு வருஷமா ஒரு ஆணி குறைஞ்சதெண்டு ஒரு டொக்டரும் சொல்லேல்லை.”

“அது வேறை, இது வேறை.”

“இதுவும் ஆரோ ஒரு மனிசன் பூட்டினதுதானே.”

“முப்பதாம் திகதி அவன் வந்து நிப்பான்.”

“வரட்டும். அவனுக்குக் கோதுதானே வேணும். எஞ்சின் கழண்டு கிடந்தால் அவனுக்கென்ன?”

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் அவன் ஒப்புக்கொண்டதாகிவிட்டது. பிறகுதான் ஜாக்கெட்டைக் கழற்றினான்.

சித்திரையில் யாழ்ப்பாணம் போவதற்கென்று சேர்த்து வைத்திருந்த லீவு முழுவதையும் குமுதினி எடுத்தாள். அந்த எஞ்சினுக்கான கையேட்டை வால்தம்ஸ்டோ நூலகத்தில் அச்செடுத்து, பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். கிறிஸ்மஸ் நெருங்குகிற மாதம் என்பதால் பரஞ்சோதிக்கு லீவு கிடையாது. விடியக் கிளம்பி இருட்டுகிறபோது வருவான். பகலில் அவள் தனியே எஞ்சின் குழிக்குள் இறங்கினாள்.

குழி என்றால் பின்தளத்துக்குக் கீழே ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய இரும்புப் பள்ளம். அடியில் எண்ணெயும் மழைத்தண்ணீரும் கலந்து கணுக்கால் அளவு நின்றது. முதல் நாள் முழுக்க அவள் ஒரு நட்டையும் தொடவில்லை. தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்தாள், பிறகு எஞ்சினைத் துடைத்தாள். அழுக்கு இருக்கிற சாமானைக் கழற்றக்கூடாது என்பது ஆஸ்பத்திரியில் முதல் நாள் சொல்லித்தந்த பாடம். இரண்டாம் நாள் ஒவ்வொரு குழாயையும் படமெடுத்துச் சீட்டுக் கட்டிக் கழற்றினாள். நட்டுகள் முட்டை அட்டையின் குழிகளில் இலக்கப்படி இறங்கின. வால்வுகளும் தண்டுகளும் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்குள் போயின. படுக்கை முழுக்க இரும்பு. அவர்கள் அந்த நாட்களில் முன்னறைத் தரையில் படுத்தார்கள்.

துருப்பிடித்த ஆணிகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு விட்டுவிட்டு மற்றதுக்குப் போவாள். இடையில் மேலே ஏறி, தேத்தண்ணி வைத்து, குளிரில் விறைத்த விரல்களைக் கோப்பையில் சுற்றி வைத்துக்கொண்டு, மழையில் அந்தப் பக்கத்துப் புல்வெளியில் மேய்கிற மாடுகளைப் பார்ப்பாள். திரும்ப இறங்குவாள். ஐந்தாம் நாள் எஞ்சினின் தலைப்பகுதி ஒட்டுப் பிய்கிற சத்தத்தோடு எழும்பியது. நாலு சிலிண்டர்களில் மூன்று பார்வைக்கு மோசமில்லை. மூன்றாவதின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வெட்டியிருந்தது. தடவினால் நகம் மாட்டியது. பிஸ்டன் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரஞ்சோதி மூன்று சாரக்கம்பிகளை மேலே கூம்பாகக் கட்டி, அதில் வாடகைக்கு எடுத்த, பாரம் தூக்குகிற செயின் புளொக்கைத் தொங்கவிட்டான். பக்கத்துப் படகுப் பெண்மணியும் கை கொடுக்க, மிச்ச எஞ்சின் ஒவ்வொரு பல்லாக மேலே ஏறி வந்தது. அது பரஞ்சோதி பார்சல் ஏற்றும் வானுக்குள் போய்ச் சேர்ந்தபோது அவன் முதல் தடவையாக, “வந்திட்டுது, என்ன,” என்றான்.

செவ்வாய்க்கிழமை இருவருமாக அதை ரயில் பாலத்து வளைவுக்குள் இருந்த எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிலிண்டர் கடைகிற இயந்திரத்தை ஓட்டுகிறவள் வான்மதி. ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவள், நாற்பது வயதிருக்கும். குமுதினி கொண்டுவந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

“யாரு பிரிச்சது?”

“நான்தான்.”

“இங்க வர்ற மெக்கானிக் எல்லாம் ஒரு சாக்குல அள்ளிப் போட்டுக் கொண்டுவருவான், அக்கா.” வான்மதி அளவுகோலைச் சிலிண்டருக்குள் இறக்கி மேலும் கீழும் நகர்த்தினாள். “மூணாவது ரொம்ப அடிபட்டிருக்கு. ஆனா இரும்பு தடிமனா இருக்கு. நாலையும் ஒரு சைஸ் பெருசாக் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போட்டுக்கலாம். தலை வளைஞ்சிருக்கு, அதையும் சீவித் தர்றேன். எட்டாம் தேதி வாங்க.”

“கொஞ்சம் முந்தி ஏலாதோ?”

“ஏலாது,” என்று அவள் பேச்சிலேயே சொல்லி வான்மதி சிரித்தாள். “சரி, இது எப்படி இவ்வளவு வெந்துச்சு? ஆத்துத் தண்ணிய நேரா எஞ்சினுக்குள்ள விடுற மாடலா?”

“ஓம். தண்ணி இழுக்கிற வாய் அடைச்சுப்போச்சு. பிளாஸ்டிக் பை ஒண்டு,” என்றாள் குமுதினி.

“அத மாத்திருங்க. எஞ்சினுக்குள்ள நல்ல தண்ணியே சுத்திக்கிட்டிருக்கட்டும், ஆத்துத் தண்ணி வெளிய இருந்து அத ஆத்துனாப் போதும். அதுக்கு ஒரு பெட்டி இருக்கு, பழசு ஒண்ணு நானே பாத்துத் தர்றேன். வாய்க்கு மேல மூடி போட்ட வடிகட்டி ஒண்ணும் வைங்க, உள்ள இருந்தே குப்பையை எடுக்கலாம்.” அவள் பரஞ்சோதியைப் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. இவ்வளவு சூடாகுறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அலாரம் கத்தியிருக்கணுமே. கத்தலையா?”

பரஞ்சோதி வானின் கதவைச் சாத்தப் போனான். “பழசெல்லே,” என்று அங்கிருந்து சொன்னான்.

திரும்பி வந்ததும் அவன் பார்சல் எடுக்கப் போக, குமுதினி குழிக்குள் இறங்கினாள். வெப்பத்தை உணர்கிற குமிழிலிருந்து அலாரத்துக்குப் போகிற வயரை விரலாலேயே தொட்டுக்கொண்டு போனாள். சுக்கானுக்குக் கீழே, பலகையின் பின்னால், அது நின்றது. துருப்பிடித்தோ உக்கியோ அறவில்லை. குறடால் நேராக வெட்டி, முனையில் பச்சை டேப் சுற்றியிருந்தது. மற்ற வயர்களெல்லாம் எண்ணெய் படிந்து கறுத்துக் கிடந்தன. டேப் புதிதாக இருந்தது. அதே பச்சை டேப்பால்தான் பரஞ்சோதி வானுக்குள் பார்சல்களைப் பிரித்து அடையாளம் போடுவான்.

அவன் வரும்வரை அவள் வேறு வேலை செய்யவில்லை. வந்ததும் குழிக்குள் ரோச் லைற்றை அடித்துக் காட்டினாள்.

“இது ஆர் வெட்டினது?”

அவன் கீழே பார்த்தான். வெகுநேரம் பொய் ஒன்றைத் தேடுகிறவன் போல நின்றான், பிறகு தேடுவதை விட்டான்.

“ஆவணியிலை. பாசி அடைக்கிற நேரமெல்லாம் கீ எண்டு கத்தும். ஒவ்வொருக்காலும் நிப்பாட்டி, குப்புறப் படுத்துத் தண்ணிக்கை கைய விட்டு இழுக்கோணும். வேலையாலை வந்து உதைச் செய்ய எனக்கு ஏலாமல் இருந்தது, குமுது. ஒருநாள் வெட்டிவிட்டன். பிறகு பூட்டுவம் எண்டு நினைச்சனான்.”

“அண்டைக்கு எஞ்சின் நிக்கேக்கை தெரியுமோ?”

“நிண்ட உடனை தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே வித்த மனிசனைக் கள்ளன் எண்டனீங்கள்.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டே படகை வித்துப்போட்டுப் போவம் எண்டனீங்கள்.”

அதற்கு அவன் ஓம் சொல்லவில்லை. பின்தளத்தின் ஓரத்தில் குந்தி, முகத்தைத் தேய்த்தான். “கழட்டினால் நீர் காணுவீர் எண்டு பயந்தனான்,” என்றான்.

குமுதினிக்குக் கோபத்தைவிடக் களைப்புத்தான் வந்தது. ஒரு கிழமையாக முதுகில் ஏறியிருந்த நோவெல்லாம் அந்த நிமிடத்தில் ஒன்றாகத் தெரிந்தது. இவனுக்காகவா இந்தச் சேற்றுக்குள் கிடந்தேன் என்று நினைத்தாள். இல்லை, எனக்காகத்தான் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிமிர முடிந்தது.

“ஹாலோக்காரனுக்கு இப்பவே போன் எடுத்து வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மிச்சம் பிறகு.”

அவன் அங்கேயே இருந்து போன் பண்ணினான். விற்கவில்லை, மன்னிக்கவும் என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு அவளிடம், “அண்ணைக்கு நான் சொல்லுறன். நேரிலை சொல்லுறன்,” என்றான்.

“அது உங்கடை பாடு.”

அதற்குப் பிறகு அவர்களுக்கிடையில் எஞ்சினைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போனது. பதின்மூண்டாம் சாவியை எடுங்கோ. இஞ்சை பிடியும். இறுக்கிறதோ, பொறுக்கிறதோ. இரவில் இரண்டு பேரும் கையேட்டின் பக்கங்களுக்கு இரு பக்கம் படுத்தார்கள். ஆனால் பரஞ்சோதி இப்போது ஒரு மணித்தியாலம் முந்தி வேலையால் வந்தான். சாப்பாட்டு நேரத்தில் வானை நிற்பாட்டாமல் ஓடியிருக்க வேண்டும். புது வயரை இழுத்து, அலாரத்தை மாற்றிக் குமிழையும் மாற்றினான். படுக்கைப் பக்கமாக இன்னொரு அலாரமும் பூட்டினான்.

எட்டாம் திகதி வான்மதி எல்லாவற்றையும் கொடுத்தாள். நாலு சிலிண்டரும் கண்ணாடி போல இருந்தன. அந்தக் கிழமை பரஞ்சோதி வாடகை வானில் பார்சல் கொடுக்கப் போக, சதுப்பு நிலத்துப் பக்கத்துத் தெருவில் அவனுடைய வானை நிறுத்தி, பின்கதவுகளைத் திறந்து, மேலே தார்ப்பாய் கட்டி, குமுதினி வானின் தரையையே மேசையாக்கினாள். வெள்ளைத் துணி விரித்து, புதுப் பிஸ்டன்களையும் வளையங்களையும் வரிசையாக வைத்தாள். நாய் கூட்டிப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வளையங்களின் வெட்டுகள் ஒன்றுக்கு நேரே ஒன்று வரக்கூடாது, திருப்பித் திருப்பி வைத்தாள். எண்ணெய் பூசி, ஒவ்வொரு பிஸ்டனாக மரக்கட்டையால் தட்டி இறக்கினாள். மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் கூட நேரம் எடுத்தாள். காற்றில் தார்ப்பாய் படபடத்தது, விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது. கையுறை போட்டால் நட்டின் உணர்வு தெரியாது என்று வெறுங்கையோடுதான் செய்தாள்.

லீவு முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மேலாளரைக் கேட்டு ஷிப்டைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் எஞ்சின், பின்னேரம் கத்திகள்.

பதின்மூன்றாம் திகதி, சனிக்கிழமை, எஞ்சினை இறக்குகிற நாள். பக்கத்துப் படகு ஏற்கெனவே லொக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஆற்றின் அந்தத் துண்டில் அவர்களைத் தவிர ஒருவருமில்லை. இரண்டு பேரால் செயினை இழுப்பதா, எஞ்சினைத் தாங்குவதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையோரப் பாதையில் ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். நல்ல கறுப்புக் கோட்டு, கையில் மனைவி சிவமலர் தந்துவிட்ட சாப்பாட்டுச் சட்டி.

“அறை பெயின்ற் அடிச்சாச்சு,” என்றார். “காரை அங்காலை விட்டிருக்கிறன். சாமானை ஏத்துவமோ எண்டு வந்தனான். உதென்னடா தூக்கிலை போட்டு வைச்சிருக்கிறியள்?”

“எஞ்சின், அண்ணை.” பரஞ்சோதி கையைத் துணியில் துடைத்தான். “ஒரு கதை சொல்லோணும். அந்த வித்த மனிசன் கள்ளன் இல்லை. அலாரம் வேலை செய்தது. நான்தான் வயரை வெட்டினனான். எஞ்சினை எரிச்சது நான்.”

ஸ்ரீஸ்கந்தராஜா குமுதினியைப் பார்த்தார். அவள் செயினில் சிக்கெடுப்பதுபோல நின்றாள்.

“இதை ஏன்டா எனக்கு இப்ப சொல்லுறாய்?”

“உங்களிட்டைத்தான் முதலிலை பொய் சொன்னனான்.”

“நான் கோயிலிலை நாலு பேருக்குச் சொல்லிப்போட்டனே, அந்த வெள்ளையன் ஏமாத்திப்போட்டான் எண்டு.”

“அவைக்கும் சொல்லுங்கோ.”

“என்னெண்டு? என்ரை தம்பி ஒரு விசரன் எண்டோ?”

“ஓம், அப்பிடியே சொல்லுங்கோ.”

ஸ்ரீஸ்கந்தராஜா சட்டியைக் கூரைமேல் வைத்தார். கொஞ்சநேரம் தொங்குகிற எஞ்சினை அண்ணாந்து பார்த்தார். “அப்ப நீங்கள் வரப்போறேல்லை,” என்றார். குரலில் சின்னதாக ஒரு மனக்குறை இருந்தது. “பிள்ளை, நாங்கள் அங்கை உமக்கு ஏதும் குறை வைச்சனாங்களோ?”

“இல்லை அத்தான்,” என்றாள் குமுதினி. “ஒரு குறையும் இல்லை. ஆனால் அது உங்கடை வீடு.”

அவர் அதை யோசித்தார். பிறகு கோட்டைக் கழற்றி, மடித்து வைக்க நல்ல இடம் இல்லாததால் திரும்பப் போட்டுக்கொண்டு, “எந்தச் செயினை இழுக்கிறது?” என்றார்.

இறக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா ஒவ்வொரு பல்லாக விட, பரஞ்சோதி குழிக்குள் நின்று தாங்க, குமுதினி குப்புறப் படுத்துத் துளையும் ஆணியும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தாள். இரண்டு தடவை திரும்பத் தூக்க வேண்டியிருந்தது. கடைசியில் நாலு ரப்பர்க் கால்களிலும் எஞ்சின் உட்கார்ந்தது. சட்டியில் றொட்டியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. மூன்று பேரும் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். போகும்போது ஸ்ரீஸ்கந்தராஜாவின் கோட்டின் முன்பக்கம் முழுக்கக் கிறீஸ். “மலர் கேட்டால் நீயே பதில் சொல்லு,” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் குழாய், வயர், புதுக் குளிராற்றுப் பெட்டி, மூடி போட்ட வடிகட்டி. தலையைப் பூட்டுகிறபோது கையேட்டில் சொன்ன ஒழுங்கில், மூன்று சுற்றாக, அளவு காட்டுகிற சாவியால் இறுக்கினாள். பரஞ்சோதி இலக்கத்தை வாசிக்க, அவள் இறுக்கினாள். சுழல்தண்டும் எஞ்சினும் ஒரு கோட்டில் வருகிறதா என்று மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்துப் பார்த்துக் கால்களை ஒரு மயிரளவு ஏற்றி இறக்கினார்கள்.

பதினாறாம் திகதி காலை எஞ்சின் சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள். டீசல் குழாயிலிருந்த காற்றை விரட்ட அரை மணித்தியாலம். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் ஒரு தடவை தும்மி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. படகு முழுக்க நடுங்கியது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. பரஞ்சோதி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பின்பக்கம் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தாள். புகையோடு தண்ணீரும் வர வேண்டும். வரவில்லை.

“நிப்பாட்டுங்கோ.”

“என்ன?”

“தண்ணி வரேல்லை. உடனை நிப்பாட்டுங்கோ.”

அவன் நிற்பாட்டினான். எரிந்தது போலொன்றும் மணக்கவில்லை. இருபது செக்கன்கூட ஓடியிருக்காது. குமுதினி வடிகட்டியின் மூடியைக் கழற்றினாள். அதற்குள் தண்ணீர் நின்றது, ஆனால் பம்ப் இழுக்கவில்லை. குழாயில் காற்று நிற்கிறது. ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரை மொண்டு, குழாயைக் கழற்றி, கோப்பையால் பம்புக்குள் நிரப்பிப் பூட்டினாள். அவசரத்தில் பாதி கீழே கொட்டியது. “திருப்பிப் பாருங்கோ,” என்றாள். இந்த முறை உடனே பிடித்தது. பத்து செக்கன். பதினைந்து. பிறகு புகைக்குழாய் கனைத்து, ஒரு வாய் தண்ணீரை ஆற்றுக்குள் துப்பியது. இன்னொரு வாய். அப்படியே விடாமல் துப்பிக்கொண்டிருந்தது.

குமுதினி அதைப் பார்த்தபடி பின்தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். பரஞ்சோதி எண்பதில் ஏறி அங்கேயே நிற்கிற வெப்பமானியை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சத்தமாக வாசித்தான்.

மறுநாள் காலை பனிமூட்டம். ஒரு மணிக்குத்தான் கயிற்றை அவிழ்த்தார்கள். வெறுமையான கரையோரமாக, மெதுவாக, பாலத்துக்குக் கீழே போய் லொக்குக்கு வந்தார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் கையில் பட்டியலோடு நின்றார். படகின் இலக்கத்தைப் பார்த்துக் கோடு கிழித்தார். “நீங்கள்தான் கடைசி. இழுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தோம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். குமுதினி கரையில் இறங்கி மதகைத் திறந்தாள். தண்ணீர் சுழித்து ஏற, படகும் அதில் நின்ற பரஞ்சோதியும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் உயரத்துக்கு வந்தார்கள். மேல்கதவு திறந்தது. அவள் ஓடிவந்து ஏறினாள்.

முதல் கிடைத்த இடத்திலேயே கட்டலாம் என்றான் பரஞ்சோதி. “இன்னும் கொஞ்சம் போவம்,” என்றாள் அவள். இரண்டு மணித்தியாலம் போனார்கள். சூரியன் சாய்கிற நேரத்தில், மரங்களுக்குப் பக்கத்தில், ஒருவரையும் தெரியாத ஒரு கரையில் கட்டினார்கள். எஞ்சினை நிற்பாட்டியதும் காது அடைத்தது போலிருந்தது.

உள்ளே வந்து குமுதினி தரையில், சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “தலை இடிக்குது. கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ,” என்றாள்.

பரஞ்சோதி தொட்டிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். திரும்ப ஒருதரம் கழுவினான். விரல் இடுக்குகளிலும் நகத்துக்குள்ளும் கறுப்புப் போகவில்லை. மூன்றாம் தரமும் பைப்பைத் திறந்தான்.

“எண்ணெய் போகுதில்லை,” என்றான்.

“பறவாயில்லை, வாங்கோ. என்ரை தலையிலையும் உதுதான் கிடக்கு.”